கிடங்கில் ஒரு கோல்கீப்பர்

2018ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி மாலை, நகரத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள பயிற்சி மைதானத்தின் அலுவலக மாடியில், பெரிய கால்பந்துக் கிளப்பின் மூன்றாம் கோல்கீப்பருக்கு ஒப்பந்தம் முடிந்தது. அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்தக் கிளப்பில் பதினோரு ஆண்டுகள் இருந்தான். முதல் அணிக்காக ஆடியது நான்கு ஆட்டங்கள்.

கிளப்பின் இணையதளத்தில் 'விடைபெறுகிறவர்கள்' என்று ஆறு பெயர்கள் போட்டிருந்தார்கள். அவன் பெயர் ஆறாவது. அலமாரியைக் காலி செய்யப் போனபோது, சலவைப் பகுதியில் வேலை பார்க்கும் அம்மாள் அவன் பயிற்சிச் சட்டைகளை மடித்துப் பையில் போட்டு வைத்திருந்தார். முதுகில் இருந்த எண்ணைப் பிரித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. நூல் கொஞ்சம் தொங்கும், வீட்டில் கத்தரித்துக்கொள் என்றார்.

முதல் மாதம் விடுமுறை போலப் போனது. இரண்டாம் மாதத்தில்தான் அவனுக்கு எதுவும் தெரியாது என்பது வீட்டுக்குத் தெரிந்தது. பல் வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று மனைவியைக் கேட்டான். இதுவரை கிளப்பில் ஒருவரிடம் சொன்னால் போதும், பல் மருத்துவர் நேரம் கொடுத்துவிடுவார். பாஸ்போர்ட் கிளப்பிடமே இருந்தது. வண்டியின் எண்ணெயை யாரோ மாற்றினார்கள். காலுறையை அவன் பதினோரு வருடமாக விலைக்கு வாங்கியதில்லை. மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தக் குழியில் தூள் போட வேண்டும் என்று ஒருநாள் அவளிடம் தொலைபேசியில் கேட்டான். அவள் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கள நல்ல பள்ளிக்கூடத்துலதான் போட்டிருக்காங்க. பதினோரு வருஷம் சோறு போட்டு, சட்டை தொவச்சு, பத்திரமா வெச்சிருந்திருக்காங்க. பாடம் மட்டும்தான் நடத்தல."

ஏஜென்ட் ஜூலையில் தினமும் பேசினார். ஆகஸ்டில் வாரம் ஒருமுறை. செப்டம்பரில் கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கும் காலம் முடிந்த பிறகு அவன்தான் கூப்பிட்டான், மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். ஒருவன் டயர் கம்பெனி வண்டி ஓட்டினான். ஒருவன் வீடு விற்றுக் கொடுக்கும் அலுவலகத்தில் சேர்ந்து, வருகிறவர்களுடன் படம் எடுத்துக்கொள்வதே பாதி வேலையாக இருக்கிறது என்றான். ஒருவன் எங்கோ ஒரு தீவில் ஆடினான், மைதானத்தில் மாடு வரும் என்று படம் அனுப்பினான். ஒருவன் மாமனாரின் அச்சகத்தில் இருந்தான். ஐந்தாமவனிடமிருந்து பதில் இல்லை. அவர்களுக்கென்று தொலைபேசியில் ஒரு குழு இருந்தது. பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை.

காலை ஒன்பதரைக்குப் பயிற்சி தொடங்கும் நேரத்தில் அவனுக்குக் கைகால் துடிக்கும். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் படுத்து எழுவான். ஏழு வயது மகள் பள்ளிக்கூடத்தில், 'அப்பா என்ன வேலை செய்கிறார்' என்ற கேள்விக்கு, 'எக்ஸர்சைஸ்' என்று எழுதிவிட்டு வந்தாள். அதைப் படித்த அன்று மனைவி தன் அண்ணனிடம் பேசினாள்.

அண்ணன் கண்ணாடிக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் வேண்டிய பெரிய கண்ணாடிப் பலகைகளை லாரியிலிருந்து இறக்கி, அளவுக்கு வெட்டி, மறுபடி ஏற்றி அனுப்பும் இடம். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, வலது புருவத்தில் பழைய தழும்பு, அதிகம் பேசமாட்டார். தங்கையின் வீட்டுக்கு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயை முழுக்கக் குடித்து முடித்தபின் கேட்டார்.

"மாப்ள, கண்ணாடி தூக்குவியா?"

"பழகிக்கலாம் மச்சான்."

"உசரம் இருக்கு, கை நீளம். ஆனா ஒன்ன மறக்கணும். அத அங்க வந்து சொல்றேன்."

மறக்க வேண்டியது முதல் நாளே தெரிந்துவிட்டது. கண்ணாடித் தொழிலில் முதல் விதி, விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது. நழுவுகிறது என்று தோன்றினால், பார்த்தவன் 'விடு' என்று கத்த வேண்டும். கத்தினால் இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் இரண்டடி போக வேண்டும். யோசிக்கக் கூடாது. உடைந்தால் உடையட்டும். பிடிக்கப் போனவர்களின் கைகளைப் பற்றி மச்சான் நாலைந்து கதை சொன்னார். ஒரே குரலில், சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடி அளவுள்ள ஒட்டுப்பலகையை இரண்டு பேர் தூக்கி நடப்பார்கள். ஒருவர் வேண்டுமென்றே தன் பக்கத்தை நழுவவிட்டு 'விடு' என்பார். புதியவன் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். சாதாரண ஆட்கள் நாலைந்து தடவையில் பழகிவிடுவார்கள். இவன் மூன்று நாள் பலகையைப் பிடித்தான். ஒவ்வொரு தடவையும் பிடித்தான். சாய்ந்து, குனிந்து, ஒரு முழங்காலை ஊன்றி, தரையில் படுவதற்கு ஒரு சாண் மேலே பிடித்தான். வெட்டு மேசையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கைதட்டினார்கள். மச்சான் கைதட்டவில்லை.

அன்றிலிருந்து அவன் பெயர் கோலி. கோல்கீப்பரைச் சுருக்கிய கோலிதான். ஆனால் கண்ணாடிக் கிடங்கில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு சிரிப்பும் இருந்தது. "கோலி உருண்டு வருது பாரு," என்பார்கள். "எந்தக் குழியில விழும்னு தெரியல," என்பான் வெட்டு மேசைக்காரன். அவனும் சிரித்தான்.

நாலாவது வாரத்தில் பழகிக்கொண்டான். பலகை நழுவியபோது கைகளை மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். பலகை தரையில் விழுந்து புழுதி கிளம்பியது. அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. கை வலிக்கிறதா என்று மனைவி கேட்டாள். வலிக்கவில்லை, அதுதான் ஒருமாதிரியாக இருக்கிறது என்றான். அவள் மறுநாளைக்கு வேண்டிய முட்டையை வேகவைக்கப் போனாள்.

வேலை கடினமானது. காலை ஏழரைக்கு முதல் லாரி வரும். சாய்வுச் சட்டத்தில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கும், நடுவில் காகிதம். காகிதத்தை உருவும்போது ஒரு வெட்டுச் சத்தம் வரும், அது கண்ணாடியா காகிதமா என்று காதுக்குத் தெரிய வேண்டும். மழை மாதங்களில் பலகை நனைந்து வரும். கண்ணாடியில் ஒட்டவைத்துத் தூக்கும் ரப்பர் பிடி ஈரத்தில் ஒட்டாது, துணியால் துடைத்துத் துடைத்துத் தூக்க வேண்டும். கதவு எப்போதும் திறந்தே இருப்பதால் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். பத்து மணிக்கு டீயும் ரொட்டியும். அப்போது யாராவது அவனிடம் பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்பார்கள். அவர் நிஜமாகவே நல்லவரா, கார் எத்தனை, எவ்வளவு சாப்பிடுவார். அவன் தெரிந்ததைச் சொல்வான். அவர்களுக்குப் பயிற்சியில் பதினோரு ஆண்டு பந்து பிடித்துக் கொடுத்தவன் அவன். எந்தக் காலால் எங்கே அடிப்பார்கள் என்பது தெரியும். நல்லவர்களா என்பது தெரியாது.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை பழைய கோச் தொலைபேசியில் கூப்பிட்டார். பெரிய கிளப்பில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்த வருடமே அவரையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு ஊரின் இரண்டாம் பிரிவுக் கிளப்பில் இருந்தார். அங்கே முதல் கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை ஆட்டம். ஆட்டம் இல்லாமல் இருக்கும் கீப்பர்கள் பலர் வருவார்கள். நீ வந்தால் நான் ஒரு வார்த்தை சொல்வேன், ஆனால் பிடிப்பது உன் கை என்றார்.

அவன் அதை மனைவியிடம் சொன்னபோது அவள் மகளின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னலை முடித்து, ரப்பர் போட்டு, மகளைப் படிக்க அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"எத்தனை பேர் வருவாங்க?"

"பத்து பேர் இருக்கலாம்."

"எடுத்தா எவ்வளவு நாளைக்கு?"

"சீசன் முடியற வரைக்கும். ஆறு மாசம்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியல."

அவள் எண்ணெய்ப் புட்டியை மூடினாள். "நான் போகாதீங்கன்னு சொல்லமாட்டேன். சொன்னா காலத்துக்கும் நான்தான் தடுத்தேன்னு ஆயிடும். நீங்க வாயால சொல்லமாட்டீங்க. ஆனா ஒவ்வொரு தடவை சாப்பாடு வேண்டாம்னு சொல்லும்போதும் எனக்குக் கேட்கும்."

"இதுதான் கடைசி."

"நான் அதக் கேட்கவே இல்ல. இந்த வீட்டுல என்ன பண்றதுன்னே தெரியாம தரையில படுத்து எந்திரிச்சிட்டு இருந்தீங்க. அதுக்குத் திரும்பிப் போகாதீங்க. அவ்வளவுதான்."

கிடங்கில் வேறொரு சிக்கல் இருந்தது. அவன் சேர்ந்து மூன்று மாதம் முடியப் போகிறது. சோதனை ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அவனை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து. மச்சான்தான் முதலாளியிடம் பேசி வாங்கியது. அவரிடம் விடுப்புக் கேட்க அவனுக்குக் கூசியது. கேட்டான். அவர் ரப்பர் பிடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போயிட்டு வா. கெடச்சா சந்தோஷம். கெடைக்கலன்னா திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடு. வேணும்னா வாரம் முழுக்க லீவு எடுத்துக்கோ."

"ரெண்டு லாரி வருது மச்சான். ஏற்கெனவே ஒரு ஆள் கம்மி."

"அத நான் பாத்துக்கறேன். மனச எங்கேயோ வெச்சுட்டு கண்ணாடி தூக்காத, அதுதான் எனக்கு வேணும்."

வியாழன் ஒருநாள் போதும் என்று சொல்லிவிட்டான்.

அடுத்த ஏழு நாளும் மாலையில் வீட்டுக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மனைவி அவனுக்குப் பந்து எறிந்தாள். கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல், ஒரு வாளி டென்னிஸ் பந்தோடு நிற்பாள். முதல் இரண்டு நாள் அவள் எறிந்தது எங்கெங்கோ போனது. எதிர்வீட்டுக்காரர் காரில் ஒன்று பட்டது. மூன்றாம் நாளிலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவளின் கவனம் வந்துவிட்டது. இடது, வலது, தரைக்கு, தலைக்கு என்று ஒழுங்காக எறிந்தாள். கிடங்கில் மார்போடு ஒட்டிவைக்கப் பழகிய கைகள் முதலில் தயங்கின. நாலாம் நாள் தயக்கம் போயிற்று. ஈரத் தரையில் விழுந்து விழுந்து எழுந்தான். மகள் இருவருக்கும் நடுவில் ஓடி, பந்தைத் தானே பிடிக்கப் பார்ப்பாள். அப்போது அவன் அடிவயிற்றிலிருந்து கத்துவான்: "விடு."

மகள் அப்படியே நின்றுவிடுவாள். எறிந்த மனைவியும் நிற்பாள். அது அவனுடைய பழைய குரல். மைதானத்தில் பந்து உயரமாக வரும்போது கீப்பர் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துவது. நீங்கள் விலகுங்கள், இது என்னுடையது என்று அர்த்தம். பதினோரு வருடம் தினமும் கத்தியது. கிடங்கிலும் தினமும் கேட்கிற சொல் அதுதான் என்பது அந்த ஏழு நாளில் அவனுக்கோ அவளுக்கோ தோன்றவில்லை.

சோதனை ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன், செவ்வாய்க்கிழமை, இரண்டு லாரிகளும் ஒரே நேரத்தில் வந்தன. காலையிலிருந்து தூறல். ஆள் இல்லாததால் மச்சானே பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் கடை முகப்புக் கண்ணாடி. மறுபக்கம் கோலி. ஆறு பலகை இறக்கினார்கள். ஏழாவதைச் சட்டத்துக்கு அருகே கொண்டு வரும்போது மச்சானின் ரப்பர் பிடி ஈரத்தில் கழன்றது. பலகையின் மேல் விளிம்பு மெதுவாக அவன் பக்கம் சாய்ந்தது.

அவன் "விடு" என்று கத்தினான்.

மச்சான் உடனே கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். இருபது வருடமாகச் செய்வதைச் செய்தார். அவன் முன்னால் போனான்.

பிடித்தான். இடது கை கீழ் விளிம்பில், வலது கை நெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியின் முகத்தில், ஒரு முழங்கால் மடங்கி. முழுப் பலகையும் அவன்மேல் நின்றது. கிடங்கில் எல்லோரும் நின்றார்கள். அவன் அதை அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சட்டத்தில் சாய்த்து வைத்தான். வைத்த பிறகுதான் இடது கையுறையின் கட்டைவிரல் கவட்டிலிருந்து ரத்தம் சொட்டுவதை வெட்டு மேசைக்காரன் பார்த்தான். தேய்த்து மழுக்காத கண்ணாடி விளிம்பு கையுறையோடு சேர்த்து உள்ளே போயிருந்தது. யாரோ துணி எடுத்து வர ஓடினார்கள். அப்போது, சட்டத்தின் அடியில் உள்ள ரப்பருக்குப் பதிலாக வெறும் கல் தரையில் ஊன்றியிருந்த பலகை, மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கோடாக விரிசல் விட்டு இரண்டாகச் சரிந்தது. இந்த முறை எல்லோரும் விலகினார்கள்.

மருத்துவமனை நடையில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். மனைவி கடைச் சீருடையோடு வந்தாள். கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது, அறுவை செய்து இணைக்க வேண்டும் என்று உள்ளே சொல்லியிருந்தார்கள். மச்சானின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. தற்காலிகக் கட்டோடு அவனை வெளியே உட்கார வைத்திருந்த இருபது நிமிடத்தில், மச்சான் அவன் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"விடுன்னு நீதான கத்துன."

"ஆமா மச்சான்."

"கத்திட்டு நீ ஏன் விடல?"

அவன் கையைப் பார்த்தான். "நான் சொன்னது வேற விடு."

மச்சானுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். கீப்பர் எப்போது கத்துவான், யாரைப் பார்த்துக் கத்துவான், கேட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று குறைந்த குரலில் சொன்னான். மச்சான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே மாப்ள."

"எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"நான் விட்டுட்டேன்டா. நீ சொன்னேன்னு விட்டுட்டேன். இல்லன்னா பக்கவாட்டுல தள்ளியிருப்பேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"உங்க மேல தப்பில்ல மச்சான்."

"தப்பு யாரு மேலன்னு நான் கேட்கல." அவர் எழுந்து டீ இயந்திரத்தின் பக்கம் போனார். அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, எதையும் அழுத்தாமல் திரும்பி வந்தார்.

கிடங்கின் விபத்துப் பதிவேட்டில் அன்று மாலை அவர் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. 'பணியாளர் எச்சரிக்கைக் குரல் கொடுத்தார். மறுமுனையில் இருந்தவர் விதிப்படி விலகினார். குரல் கொடுத்தவர் விலகவில்லை.' காரணம் என்ற கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கோச்சுக்கு மனைவிதான் தொலைபேசியில் சொன்னாள். எந்தக் கை என்று கேட்டார். இடது என்றாள். பிறகு, அவனைக் கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நான் அவனுக்காகப் பேசி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லுங்கள் என்றார். இரண்டாவதை அவள் அன்று சொல்லவில்லை.

வியாழக்கிழமைக்கு அவள் முன்பே விடுப்புப் போட்டிருந்தாள், அவனை வண்டியில் கொண்டுபோய் விடுவதற்காக. கடையில் மாற்று ஆள் ஏற்பாடாகிவிட்டதால் விடுப்பைத் திரும்பப் பெற முடியவில்லை. எனவே காலை பத்து மணிக்கு இருவரும் வீட்டில் இருந்தார்கள். அவன் கூடத்தில், கையைத் தலையணையின்மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு. அவள் குளிர்பெட்டியைக் காலி செய்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டு வெயில் வந்திருந்தது. பந்து ஆடுவதற்கு நல்ல வெயில் என்று இருவரும் நினைத்தார்கள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லுங்க."

"கைக்கு வந்து நின்னப்போ எனக்கு நல்லா இருந்துச்சு. அவ்வளவு பெரிசு. கை எங்க போகணுமோ அங்க போச்சு. நான் ஒண்ணும் நினைக்கவே இல்ல."

அவள் தட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"அது என் கையில இருக்கும்போது உடையல. கீழ வெச்சப்புறம்தான் உடைஞ்சுது."

"தெரியும். அண்ணன் சொன்னார்."

"மச்சான் சொன்னாரா?"

"அத மட்டும் ரெண்டு தடவை சொன்னார்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் குளிர்பெட்டியின் கதவு ரப்பரைத் துடைத்தாள், மடிப்புக்குள் விரலை விட்டு, முழுச் சுற்றும். முடித்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோச் சொன்ன இரண்டாவது செய்தியை அப்போது சொன்னாள். அவன் தலையசைத்தான். பசிக்கிறதா என்று கேட்டாள். பசிக்கிறது என்றான். முட்டையும் ரொட்டியும் இருந்தன. ரொட்டியை அவள் பிய்த்து வைத்தாள், அவன் வலது கையால் எடுத்துச் சாப்பிட்டான். தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அன்று சோதனை ஆட்டத்துக்குப் பதினோரு கீப்பர்கள் வந்தார்கள். பத்தொன்பது வயதான ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

கிடங்கில் எச்சரிக்கைச் சொல் மாற்றப்பட்டது. இப்போது 'கண்ணாடி' என்று கத்துகிறார்கள். பழையவர்கள் வாயில் இன்னும் சில சமயம் பழையது வந்துவிடுகிறது.

நிரந்தரக் கடிதம் இரண்டு மாதம் தள்ளிப் போனது. பிப்ரவரி மூன்றாம் வாரம் அவன் திரும்பி வந்தான். இடது கட்டைவிரல் பாதி தூரம்தான் மடங்குகிறது, அதற்கு மேல் மடங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே போகும் வண்டிகளுக்குச் சீட்டு எழுதும் மேசையை அவனுக்குக் கொடுத்தார்கள். வேலை நேரம் காலை ஏழரை முதல் மாலை நான்கு வரை.